பி.காம் முடிக்கப்போறேன்: ஆப்ஷன் டிரேடிங்கா, ரிசர்ச் வேலையா?

காளைக்கன்று:
வயது 21, பி.காம் கடைசி செமஸ்டர். ஈக்விட்டி ரிசர்ச் (பங்குகளை ஆராய்ந்து ரிப்போர்ட் எழுதும்) வேலைக்குப் போக ஆசை. கையில் 60,000 ரூபாய் சேமிப்பு. ஒரு வருஷம் ஆப்ஷன் டிரேடிங் பண்ணி லாபக் கணக்கு காட்டினால் இண்டர்வியூவில் எடுபடுமா? சி.எஃப்.ஏ (நிதி ஆய்வாளர்களுக்கான சர்வதேசப் பட்டம்) இப்பவே எழுதலாமா, என்.ஐ.எஸ்.எம் (பங்குச் சந்தை வேலைக்கான சான்றிதழ் தேர்வு) போதுமா?

வரவுசெலவு:
எடுபடாது தம்பி. அங்கே பார்ப்பது கம்பெனிக் கணக்கைப் படிக்கத் தெரியுமா என்பதைத்தான்.

ஆப்ஷன் என்பது குறித்த தேதியில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை; அதற்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். 60,000-த்தை வைத்து இண்டெக்ஸ் (நிஃப்டி மாதிரிப் பங்குக் குறியீடு) ஆப்ஷனை விற்க முடியாது, மார்ஜின், அதாவது புரோக்கரிடம் கட்டும் பிணைப் பணம், பத்தாது. வாங்க மட்டும்தான் முடியும். வாங்கினவனுக்கு நாள் போகப்போக பிரீமியம் கரையும். சந்தை நீங்கள் நினைத்த பக்கமே போனாலும், மெதுவாகப் போனால் நஷ்டம். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது.

வரியிலும் ஒரு சிக்கல். இது வியாபார வருமானம், ஐ.டி.ஆர்-3 படிவத்தில் வரிக்கணக்கு போடணும். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் 8 வருஷம் முன்னுக்குக் கொண்டுபோகலாம்.

அடிக்குறிப்பு:
பரீட்சை விஷயத்தை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் என்.ஐ.எஸ்.எம் சீரீஸ் 15, ரிசர்ச் அனலிஸ்ட். 60% எடுக்கணும், தப்புக்கு 25% கழிப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதீர்கள். சான்றிதழ் 3 வருஷம் செல்லும். சி.எஃப்.ஏ முதல் லெவலைக் கடைசி வருஷத்திலேயே எழுதலாம், ஆனால் பாஸ்போர்ட் கட்டாயம். பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள். மூன்று லெவல் தாண்டினாலும் பட்டம் கைக்கு வர 4,000 மணி நேர வேலை அனுபவம் வேணும்.

பரீட்சையை விட முக்கியம், ஒரே துறையில் 4 கம்பெனிகளின் 5 வருஷ ஆண்டறிக்கை. சேர்மன் கடிதத்தைத் தள்ளிவிட்டு நேராகக் கேஷ் ஃப்ளோ (ரொக்க வரவு செலவு) பக்கம் போங்கள். 5 வருஷ நிகர லாபத்தைக் கூட்டுங்கள், தொழிலில் வந்த ரொக்கத்தையும் கூட்டுங்கள். ரொக்கம் ரொம்பக் குறைவு என்றால் பணம் எங்கேயோ முடங்கியிருக்கு.

அடுத்து, கம்பெனிக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி. விற்பனை 500 கோடி, பாக்கி 100 கோடி என்றால் 73 நாள் விற்பனைப் பணம் வராமல் நிற்கிறது (100 ÷ 500 × 365). மறு வருஷம் விற்பனை 600, பாக்கி 180 என்றால் 110 நாள். விற்பனை 20% வளர்ந்ததென்று செய்தி வரும். சரக்கை டீலர் தலையில் கட்டியிருக்கலாம் என்பது ஆண்டறிக்கையின் நோட்ஸைப் படித்தவனுக்குத்தான் உறைக்கும். அரசு கான்ட்ராக்ட் எடுக்கிற கம்பெனிக்குப் பாக்கி இழுப்பது சகஜம், அதனால் சக கம்பெனிகளோடு ஒப்பிடாமல் தீர்ப்பு எழுதாதீர்கள். வங்கிக்கு இந்தச் சோதனை எதுவும் பொருந்தாது.

பிறகு, ப்ரோமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) குடும்பக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல், அவர் கடனுக்கு அடமானம் வைத்த பங்கு இரண்டையும் பாருங்கள். இதையெல்லாம் எக்ஸெலில் நீங்களே தட்டி, 3 பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் எழுதுங்கள். இண்டர்வியூவுக்கு அதுதான் கையிலிருக்கும் சரக்கு.

காளைக்கன்று:
நன்றி அண்ணா. அப்போ அந்த 60,000?

வரவுசெலவு:
வேலை கிடைக்கிற வரைக்கும் சாப்பாடு, வாடகைக்கு 40,000-த்தை எஃப்.டி-யில் போடுங்கள். மீதியை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டியில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்), ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில். அதையும் 5 வருஷத்துக்குள் தேவைப்படாது என்றால் மட்டும். வேலைக்குப் போனபின் மாதம் 5,000 என்று 10 வருஷம் போட்டால், 12% கிடைத்ததாக வைத்துக்கொண்டால் சுமார் 11.6 லட்சம், கமிஷனாக வருஷம் 1% போய் 11% ஆனால் சுமார் 10.95 லட்சம். 12% யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள்.

அடிக்குறிப்பு:
இண்டெக்ஸ் ஃபண்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அனலிஸ்ட் ஆனபின், தான் ரிப்போர்ட் எழுதும் பங்கை அது வெளியாவதற்கு 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் வாங்கவோ விற்கவோ செபி விதி விடாது. போதாக்குறைக்கு நிறுவனத்தின் சொந்தக் கட்டுப்பாடும் சேரும். தனிப் பங்காக வாங்கிக் குவித்துவிட்டுப் போனால், விற்க நினைக்கிற நாளில் கை கட்டியிருக்கும்.