2012 போலோ டீசல்: லோயர் ஆர்ம் புஷ் வீட்டிலேயே மாத்தணும், வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அப்பா ஆசையா வாங்கின ஃபோக்ஸ்வாகன் போலோ, 1.2 லிட்டர் மூணு சிலிண்டர் டீசல். விக்க மனசே இல்லை. ஸ்பீடு பிரேக்கர்ல இறங்கும்போது முன்பக்கம் இடது வீல்ல 'டொக்'குனு சத்தம். ஜாக்கி ஏத்தி, ஸ்டாண்ட் வச்சுப் பார்த்தேன். லோயர் ஆர்ம் (வீலை பாடியோட இணைக்கிற கீழ்க்கை) மாட்டியிருக்கிற முன் புஷ்ல ரப்பர் வெடிச்சு, விரல் நகமே உள்ளே போகுது.

புது புஷ்ஷும் புது போல்ட்டும் வாங்கிட்டேன், பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாதுன்னு தெரியும். வண்டி எடை டயர்ல இறங்கின பிறகுதான் கடைசியா டைட் வைக்கணும். தொங்கவிட்டு முறுக்கினா ரப்பர் திருகிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். ஆனா புஷ்ஷை அழுத்தி இறக்குற பிரஸ் மெஷின் என்கிட்ட இல்லை. நீள போல்ட்டும் பெரிய சாக்கெட்டும் வச்சு யாராவது புஷ் இறக்கியிருக்கீங்களா? இல்லை, ஆர்மைக் கழட்டி லேத்துக்கு எடுத்துட்டுப் போறதுதான் நல்லதா? சர்வீஸ் மேனுவல் வச்சிருக்கவங்க டார்க் அளவு (போல்ட்டை எவ்வளவு முறுக்கணும்ங்கிற கணக்கு) இருக்கிற பக்கத்தை போட்டோ எடுத்துப் போடுங்க, ப்ளீஸ்.

அடுத்து ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. சாவி போட்ட சிக்னல் இந்த வண்டில தனி வயர்ல வராது, கேன் லைன்லதான் (வண்டியோட கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற டேட்டா வயர்) வரும். அதை ஸ்டீரியோவுக்குப் புரியிற மாதிரி மாத்தித் தர நீங்க எந்த கேன் பாக்ஸ் போட்டீங்க? ஒரு வாரம் நிறுத்தி வச்சும் பேட்டரி தாங்குதா?