கிறிஸ்டல் பேலஸ் பிறந்தது 1861-லா, 1905-லா?

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி):
2025 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்து சங்கம்) கோப்பையை வாங்கியதிலிருந்து, லண்டன் கால்பந்து கிளப்பான கிறிஸ்டல் பேலஸுக்கு நம்ம பக்கத்திலும் ரசிகர்கள் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் பேட்ஜில் போட்டிருக்கும் 1861 என்ற வருஷத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஏப்ரல் வரை 1905 என்றுதான் கிளப்பே சொல்லி வந்தது. அப்புறம் பீட்டர் மேனிங் என்ற ஆய்வாளரின் தேடலை ஆதாரமாகக் காட்டி 44 வருஷத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இதை ஒப்புக்கொண்டால், 1862 என்று சொல்லும் நாட்ஸ் கவுண்டியையும் தாண்டி, இன்றும் ஆடும் தொழில்முறை லீக் கிளப்புகளில் இதுதான் மூத்தது என்றாகிவிடும்.

பழைய அணி இருந்ததை யாரும் மறுக்கவில்லை. 1863 அக்டோபர் 26-ல் லண்டன் ஃப்ரீமேசன்ஸ் டேவர்னில் எஃப்.ஏ. உருவான கூட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. 1871-72-ல் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வரை போய், ராயல் எஞ்சினியர்ஸிடம் மறு ஆட்டத்தில் 3-0 என்று தோற்றது. ஆனால் 1876 வாக்கில் அந்த அணி காணாமல் போகிறது. 1905-ல் வந்தது வேறு கிளப்.

காரைக்கால் கோல்கீப்பர்:
அண்ணே, ஆட்டக்காரர்களை மட்டும் பார்க்கிறீர்கள். இடத்தையும் பாருங்கள். 1851 கண்காட்சிக்காக ஹைட் பார்க்கில் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பிரித்து, 1854-ல் சிடன்ஹாம் குன்றில் நிறுத்தினார்கள். அதை நடத்தியது கிறிஸ்டல் பேலஸ் கம்பெனி. அங்கே 1857-ல் கிரிக்கெட் கிளப் வந்தது. அதில் ஆடியவர்கள் சிலர் சேர்ந்துதான் 1861-ல் கால்பந்து அணி. 1905-ல் தொழில்முறை அணி வேண்டும் என்று முனைந்ததும் அதே கம்பெனிதான். இடம், பெயர், பின்னால் நின்ற முதலாளி எல்லாமே ஒன்று. நடுவில் ஆட்டம் நின்றுபோனதற்காகப் பிறந்த தேதியை மாற்றுவார்களா?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, முதலாளி ஒன்று என்பதே நிற்காது. அப்போது கோப்பை இறுதி ஆட்டம் அந்த மைதானத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. மைதானச் சொந்தக்காரரே அணியும் வைத்துக்கொள்வதை எஃப்.ஏ. விரும்பவில்லை. அதனால்தான் தனிக் கம்பெனி தொடங்க வேண்டியிருந்தது. நிர்வாகத்துக்கு எட்மண்ட் குட்மேன் ஆஸ்டன் வில்லா கிளப்பிலிருந்து வந்தார், ஜெர்சி நிறமும் அங்கிருந்தே வந்தது. சதர்ன் லீக் இரண்டாம் பிரிவில் முதல் படியிலிருந்து ஆரம்பித்தார்கள். முதல் எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி ஆடிய பாரம்பரியத்தின் அடையாளம் இதில் எங்கே இருக்கிறது?

திருவாரூர் வலதுபுறம்:
எனக்கு 1861 பக்கம்தான் மனது போகிறது. நம்ம ஊர்க் கிளப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. பதிவுச் சான்றிதழில் இருக்கும் தேதிக்கு வெகுகாலம் முன்பே, சம்பா அறுத்த வயலில் கல்லை கோல் போஸ்ட்டாக வைத்து ஆட ஆரம்பித்த கிளப்புகள் எத்தனை! சுழற்கோப்பை நோட்டீசில் போடும் 'ஆண்டு விழா' கணக்கு அந்த வயலிலிருந்து வருவது, பதிவு அலுவலகத்திலிருந்து அல்ல. அது நியாயம்தான்.

வெண்ணாற்றங்கரை:
அது நியாயம், நானும் அப்படித்தான் எண்ணுவேன். பதிவுக்கு முன்னால் ஆடியவர்கள்தானே போய்ப் பதிவு செய்தார்கள். பேலஸில் 1876-க்கும் 1905-க்கும் நடுவில் 29 வருஷம். பழையவர்களில் யார் வந்து புதிய கிளப்பைத் தொடங்கினார்கள்? ஒருவர் பெயரைச் சொல்லுங்கள்.

காரைக்கால் கோல்கீப்பர்:
அப்படியானால் கொல்கத்தாவின் மோகன் பகானை என்ன செய்வீர்கள்? 1889-ல் தொடங்கிய கிளப். 1911-ல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கியது. 2020-ல் அதே ஊரின் ஏ.டி.கே. என்ற கிளப்போடு இணைந்து, பெயரிலேயே ஏ.டி.கே. முன்னால் நின்றது. கம்பெனி வேறு, பெயர் வேறு. அதற்காக 2020-ல் பிறந்த கிளப் என்பீர்களா?

வெண்ணாற்றங்கரை:
சொல்லவே மாட்டேன். உறுப்பினர்களும் ரசிகர்களும் அங்கேயே இருந்தார்கள். கத்திக் கத்தியே 2023-ல் ஏ.டி.கே. என்ற எழுத்துகளை எடுக்க வைத்தார்கள். சிடன்ஹாமில் 1876-க்கு அப்புறம் அப்படிக் கத்த யார் இருந்தார்கள்?

குடந்தை ரெஃப்ரி:
இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறீர்கள். என் பங்குக்கு ஒன்று. கும்பகோணத்திலிருந்து அதிக தூரமில்லை, திருக்கோடிக்காவல். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கற்றளியாக (கல் கோயிலாக) எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்தார். சுவர் புதிது, ஆனால் முந்தைய தானமெல்லாம் இன்ன கல்லிலிருந்து வந்தது என்று அதிலேயே பதிவாகியிருக்கிறது. அதனால் அந்தக் கோயிலின் வயதை அந்தச் சுவரிலிருந்து எண்ண யாரும் துணிய மாட்டார்கள். 1905-ல் பேலஸைத் தொடங்கியவர்கள் பழைய அணியின் எந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள்? அவர்களே தங்களைப் புதிய கிளப் என்றுதானே எண்ணினார்கள்? நூறு வருஷத்துக்கும் மேல் கிளப்பும் 1905 என்றுதான் சொல்லி வந்தது. என் விசில் 1905-க்குத்தான்.

காரைக்கால் கோல்கீப்பர்:
ரெஃப்ரி ஐயா, மாளிகையே 1936 நவம்பரில் தீயில் போய்விட்டது. கல்வெட்டு மாதிரி ஆவணம் நிலைத்திருக்க வேண்டும் என்று கேட்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?

வெண்ணாற்றங்கரை:
தீ மாளிகையை எரிக்கும், ஊரில் விற்ற பத்திரிகைகளை எரிக்காது. இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி கிளப்பும் இதே கதைதான். பேட்ஜில் 1863 இருக்கிறது. ஆனால் அதன் தொடக்கமான, ஹென்றி ஆல்மண்ட் தொடங்கிய ஸ்டோக் ராம்ப்ளர்ஸ் அணி பற்றி 'தி ஃபீல்டு' இதழில் செய்தி வந்தது 1868-ல். அதை வைத்துத்தான் 1863-ஐயே கேள்வி கேட்கிறார்கள். கிளப்பின் அலமாரியில் எதுவும் இல்லாவிட்டாலும் பத்திரிகை பேசும். பேலஸுக்கும் அதே அளவுகோல்தான். 1876-க்கும் 1905-க்கும் இடையில் அதே நிர்வாகத்தில், வருஷா வருஷம் ஆடிய அணி என்று பத்திரிகையிலிருந்து காட்டினால் 1861-ஐ நானே எழுதுகிறேன். மாளிகைப் பெயரில் எப்போதாவது கூடி ஆடிய ஒரு ஆட்டம் போதாது.

காரைக்கால் கோல்கீப்பர்:
சரிண்ணே, நிபந்தனை நியாயம்தான். ஆனால் அதே மண்ணில் அதே பெயரில் ஆடியவர்களை அந்நியர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1880களின் லண்டன் ஸ்கோர் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.