மாசிபத்திரிப் புகையும் மகரந்தமும்: உங்கள் அனுபவம் என்ன?

சிங்கப்பூரிலிருந்து:

33ஆம் வார ஸ்கேனில் குழந்தை இன்னும் திரும்பவில்லை, தலை மேலேதான் இருக்கிறது என்றார் டாக்டர். அப்படியே இருந்தால் 37ஆம் வாரம் வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பிப் பார்க்கலாம், முடியாவிட்டால் சிசேரியன். அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலை என் முகத்தைப் பார்த்தே எதிர்வீட்டு சீன ஆன்ட்டி விஷயத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். கேட்டதும் அவர் சொன்னது இரண்டே அசை: "ஐ யே."

மக்வொர்ட் இலைதான் அது. நம் ஊர் மாசிபத்திரிக்கும், மாலையில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்துக்கும் நெருங்கிய சொந்தம். டிராகன் படகுத் திருநாளுக்கு ஆன்ட்டி வாசலில் கட்டித் தொங்கவிடுவதும் இதே செடிதான். எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன், என்ன இலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த இலையைக் கொளுத்திக் கால்விரலில் சூடு காட்டினால் குழந்தை திரும்பும் என்று ஆன்ட்டி சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. பதிவுபெற்ற சீன மருத்துவரிடம் மட்டும் போ, எதையும் குடிக்காதே என்றார். மக்வொர்ட்டை உள்ளுக்கு எடுத்தால் கருப்பையைத் தூண்டும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

காய்ந்த இலையை இடித்துச் சலித்துப் பஞ்சாக்கி, சுருட்டு மாதிரி உருட்டி வைத்திருந்தார்கள். பழைய இலைக்குத்தான் மதிப்பு. ஏழு வருஷ நோய்க்கு மூன்று வருஷ ஐ வேண்டும் என்று பழங்காலச் சீன ஞானி மென்சியஸ் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்களாம். நுனியைக் கொளுத்தி, கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்துக்குப் பக்கத்தில், தோலில் படாமல் பிடித்தார் அந்த மருத்துவர். அந்த இடத்துக்கு ஜியின் என்று பெயர். காலுக்குக் கால்மணி நேரம். சீனத்தில் அக்குபங்சருக்கு 'ஜென்ஜியு' என்பார்கள். 'ஜென்' ஊசி, 'ஜியு' இந்தச் சூடு. ஊசி மட்டும்தான் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது.

முறையைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார். தினமும் ராத்திரி ஜன்னலை எல்லாம் திறந்துவைத்து, என் காலை மடியில் வைத்துக்கொண்டு கணவர்தான் பிடிப்பார். சூடு ஏறியதும் உள்ளே பிள்ளை உருண்டு புரளும். அதுவரை பயத்தோடு மட்டுமே தொட்டுப்பார்த்த வயிற்றை அந்தப் பத்து நாளும் ஆசையோடு தொட்டேன்.

35ஆம் வாரம் தலை கீழே வந்திருந்தது. புகைதான் திருப்பியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 1998இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பிறகு படித்தேன். சீனாவில் 260 தலைப்பிள்ளைக் கர்ப்பிணிகள், இரண்டு பிரிவாக, 130 பேர் வீதம். சூடு பிடித்தவர்களில் 98 பேருக்கு 35ஆம் வாரத்துக்குள் குழந்தை திரும்பியது. எதுவும் செய்யாதவர்களில் 62 பேருக்குத் தானாகவே திரும்பியது. அந்த 62 பேரில் ஒருத்தியாகவும் நான் இருந்திருக்கலாம். ஆனால் வித்தியாசம் சின்னதில்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017 வழிகாட்டுதலில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் 33 முதல் 35ஆம் வாரத்துக்குள் விரும்பினால் செய்துபார்க்கலாம் என்று எழுதியிருக்கிறது.

உங்களுக்கு எப்படி இருந்தது?

ஜெர்மனியிலிருந்து:

அக்கா, உங்களுக்கு மருந்தான செடி எனக்கு ஆகவே ஆகாது. இங்கே அதற்கு பைஃபுஸ் என்று பெயர். ரயில் பாதை ஓரம், காலி மனை எங்கும் தானாக முளைத்துக் கிடக்கும். ஜூலைக் கடைசியில் பூத்ததும் என் கண் சிவந்து, தும்மல் தொடங்கிவிடும். ஒருநாள் செலரி சூப் குடித்ததும் உதடு வீங்கி, தொண்டை அடைத்தது. கையில் குத்திப் பார்த்த பரிசோதனையில் மக்வொர்ட் மகரந்தம், செலரி இரண்டுக்கும் தடித்துவிட்டது. இரண்டிலும் உள்ள சில புரதங்கள் ஒரே சாயல் என்பதால் உடம்பு ஏமாந்துபோகிறதாம். கேரட், தனியா, சீரகம், சோம்பு வரை அந்த வரிசை நீளும். எனக்குத் தனியா ஒத்துக்கொள்ளவில்லை. தனியா இல்லாமல் சாம்பார்ப் பொடி அரைக்கிற வேதனை உங்களுக்குத்தான் புரியும்.

இதே பைஃபுஸை இவர்கள் கிறிஸ்துமஸ் வாத்து வறுவலில், கொழுப்பு செரிக்கட்டும் என்று போடுகிறார்கள். பாட்டிமார் கைவைத்தியத்தில் எஞ்சியது அவ்வளவுதான். என் டாக்டருக்கோ அது ஒவ்வாமை அட்டையில் ஒரு வரி.

பினாங்கிலிருந்து:

எனக்கும் 34ஆம் வாரம் சூடு பிடித்தார்கள். திரும்பவில்லை, சிசேரியன்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. அம்மாவுக்கு நடந்ததுதான் வருத்தம். சர்க்கரையால் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. முழங்கால் வலிக்கு என்று ஒருவர் பாதத்திலும் சூடு பிடித்தார். சுட்டதே அம்மாவுக்குத் தெரியவில்லை. கொப்புளம் உடைந்து புண்ணாகி இன்னும் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். காலில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவே இல்லை.

இன்னொன்று, மலேரியாவுக்கு நோபல் வாங்கிய செடி இதுதானா?

சிங்கப்பூரிலிருந்து:

இல்லைம்மா, அது சிங்ஹாவ், இதே பேரினத்தில் வேறு செடி. நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன 4ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கோ ஹோங்கின் குறிப்பைப் படித்து, சூடாக்கினால் சத்து கெடுகிறதோ என்று சந்தேகப்பட்டார் சீன விஞ்ஞானி தூ யூயூ. குறைந்த சூட்டில் ஈதரில் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் கிடைத்தது. மக்வொர்ட்டைக் காய்ச்சிக் குடித்தால் மலேரியா போகாது, யாரும் முயலவேண்டாம்.

ஜெர்மனித் தங்கச்சி, எங்கள் வீட்டுக்கு வந்தால் தனியா இல்லாமலே சமைக்கிறேன். பினாங்குத் தங்கச்சி, அம்மாவின் புண் எவ்வளவு ஆழம்? சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கென்றே இருக்கும் டாக்டரிடம் காட்டினீர்களா? எழுதுங்கள்.