மறுமொழி: முடிச்சின் சிறும ஆற்றலுக்கு ‘அவிழா ஆற்றல்’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். மூடிய முடிச்சு ஒன்றை வெட்டாமல் எப்படி வளைத்தாலும் அதன் ஆற்றல் ஓர் அளவுக்குக் கீழே குறையாது; அந்தச் சிறும (மிகக் குறைந்த) ஆற்றலுக்கு ‘அவிழா ஆற்றல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> இதற்கும் ‘பிணைப்பாற்றல்’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, அது மட்டும் வேண்டாம். அணுக்கருவைப் பிரிக்கத் தேவையான ஆற்றலுக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. பள்ளி முடித்து வருகிற பிள்ளை முதல் வரியிலேயே புரோட்டானையும் நியூட்ரானையும் நினைத்துக்கொள்ளும்.

> பொதுவாகச் ‘சிறும ஆற்றல்’ போதாதா?

போதாது என்பதுதான் என் கட்சி. தொங்குகிற சங்கிலிக்கும் சோப்புக் குமிழிக்கும்கூடச் சிறும ஆற்றல் உண்டு. முடிச்சில் அந்த ஆற்றல் ஏன் ஓர் அளவுக்குக் கீழே இறங்குவதில்லை என்பதுதான் செய்தி. பெயர் அதைச் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்தும், அமுக்க முடியாத ஒரு பாய்மத்தில் காந்தப்புலக் குழாய் (புலக்கோடுகளின் கற்றை) ஒன்று மூடிய வளையமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புலக்கோடுகள் இழுத்த ரப்பரைப் போலச் சுருங்கப் பார்க்கும். குழாயின் கனஅளவு மாறாது, ஆகவே நீளம் குறையக் குறையக் குழாய் பருக்கும். ஆற்றல் ஏறத்தாழ நீளத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அதுவும் இறங்கிக்கொண்டே போகும். முறுக்கும் முடிச்சும் இல்லாத வளையமென்றால் இந்த இறக்கத்துக்குத் தடையே கிடையாது, சுழி வரை நெருங்கலாம். முடிச்சு இருந்தாலோ, பருத்த குழாய் தன்மேலேயே வந்து முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் சுருங்க இடமில்லை. வெட்டினால் ஒழிய வெளியே வராத ஆற்றல் அங்கே மாட்டிக்கொள்கிறது. கணிதவியலர் கீத் மொஃபாட் 1990இல் ‘நேச்சர்’ இதழில் முடிச்சுகளின் ஆற்றல் நிரலை (முடிச்சுகளின் சிறும ஆற்றல்களின் வரிசையை)ப் பற்றி எழுதியது இந்த எண்ணத்தை வைத்துத்தான்.

அவிழாததால் எஞ்சுவது, எனவே ‘அவிழா ஆற்றல்’. அழியாப் புகழ், வாடா மலர் என்று நாம் தினமும் சொல்கிற அமைப்புதான், புதிதாக எதையும் வளைக்கவில்லை.

கயிற்றில் இதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். பெங்களூரு அல்சூரில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கிய தடித்த பருத்திக் கயிற்றில் மூவிலை முடிச்சு (மூன்று இதழ்போல் வளையும், மிக எளிய முடிச்சு) போட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தோம். தையலைப் பிரித்து, கயிற்றைக் கொஞ்சம் வெட்டி, மறுபடி தைத்தோம். ஒரு கட்டத்தில் நடுத்துளை மூடிக்கொண்டது. புரிகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி அழுந்தின, ஊசி நுழையவும் இடம் விடவில்லை. கணினியில் தேடிக் கண்ட மிக இறுகிய மூவிலை முடிச்சின் நீளம், கயிற்றின் விட்டத்தைப்போல் சுமார் 16.37 மடங்கு. 15.66 மடங்குக்குக் கீழே முடியவே முடியாது என்று 2006இல் நிறுவியிருக்கிறார்கள். முடிச்சில்லா வளையத்துக்கு 3.14 மடங்கு போதும். இந்த விகிதத்துக்குக் ‘கயிற்றுநீளம்’ என்றொரு பரிந்துரை வந்தது, செ.மீ.யில் சொல்லும் நீளமோ என்று தோன்றும், ஆகவே ‘கயிற்றளவு’ மேல். விட்டத்தால் வகுத்ததா ஆரத்தால் வகுத்ததா என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் 16.37, 32.74 ஆகிவிடும்.

அப்புறம் முடிச்சின் ‘சிக்கல்’, அதாவது அது எவ்வளவு பின்னிக் கிடக்கிறது என்பது. ஒரு புரி இன்னொன்றைத் தாண்டும் இடத்தைக் ‘கடவு’ என்போம் (‘குறுக்கீடு’ ஒளியியலுக்குப் போய்விட்டது). முடிச்சைத் தாளில் எப்படி வரைந்தாலும் எத்தனை கடவுகளுக்குக் கீழே குறைக்க முடியாதோ, அது கடவெண். ஃப்ரீட்மன், ஹே, வாங் என்ற கணிதவியலர் மூவரும் 1994இல், ஓஹாரா என்ற கணிதவியலர் வகுத்த முடிச்சாற்றலை (புரிகள் ஒன்றையொன்று நெருங்க நெருங்க ஏறும் ஓர் அளவை)க்கொண்டு ஒரு கீழெல்லை கொடுத்தார்கள்: கடவெண்ணை 2π-யால் பெருக்கி 4 கூட்டினால் வருவதற்குக் கீழே ஆற்றல் இறங்காது. மூவிலை முடிச்சுக்கு அது ஏறத்தாழ 22.8. கணினியில் உண்மையாகக் கிடைப்பதோ 74-ஐ ஒட்டியது! எல்லை தளர்வானதுதான், ஆனால் கடவெண் ஏற ஏற ஆற்றலின் கீழெல்லையும் ஏறியே தீரும் என்பதை அது கையெழுத்துப் போட்டுத் தருகிறது. அதற்காகக் கடவெண்ணையே சிக்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து கடவுள்ள முடிச்சுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் கயிற்றளவு 23.6, மற்றதற்கு 24.7. கடவெண் ஒன்றே, இறுகும் விதம் வேறு. எனவே ‘சிக்கலளவு’ தனிச் சொல்லாகவே இருக்கட்டும்.

> டி.என்.ஏ. முடிச்சை நொதிகள் அவிழ்க்கின்றனவே, ‘அவிழா’ எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. டோப்போஐசோமரேஸ் என்ற அந்த நொதி அவிழ்ப்பதில்லை; இழையை வெட்டி, இன்னோர் இழையை அதனூடே விட்டு, மறுபடி ஒட்டுகிறது. வெட்டிய நொடியில் முடிச்சின் வகையே மாறிவிடுகிறது, புதிய வகைக்குப் புதிய அவிழா ஆற்றல். சொல் தாங்கும்.

அகராதிக்கு என் வரைவு: “அவிழா ஆற்றல்: வெட்டாமல், ஒட்டாமல் ஒரு முடிச்சு எடுக்கக்கூடிய எல்லா வடிவங்களிலும் மிகக் குறைந்த ஆற்றல். எந்த ஆற்றல் என்பதை உடன் குறிப்பிடுக.” முடிச்சில்லா வளையத்துக்கு ஓஹாரா ஆற்றல் 4 வருவதால், அதைக் கழித்துச் சுழியிலிருந்து தொடங்கலாமா என்பதில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும், கழிக்கலாம் என்பது என் விருப்பம்.

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து