500 வாட் எஸ்எம்பிஎஸ்: மல்டிமீட்டரில் சரியாக இருக்கிறது, விளையாடினால் கணினி அணைகிறது

வேளச்சேரி வாசி:
வணக்கம். ஐந்து மாதங்களுக்கு முன் ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி நானே ஒரு கேமிங் கணினியைப் பூட்டினேன். இன்டெல் ஐ5-12400எஃப் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு; கையில் பணம் குறைந்ததால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் மலிவான 500 வாட். வெயில் ஏறியதிலிருந்து, பிற்பகலில் அரை மணி நேரம் விளையாடினால் கணினி சட்டென்று அணைந்து தானே மீண்டும் எழுகிறது. இரவில் இந்தத் தொல்லை இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, பச்சை வயரையும் கருப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து அளந்தபோது 12.14 வோல்ட் காட்டியது. அது நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று கொள்ளலாமா?

பழைய மெக்கானிக்:
கொள்ள முடியாது. பேப்பர் கிளிப் சோதனை, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். வெறும் வண்டியை உருட்டிப் பார்த்து அச்சின் பலத்தை அறிய இயலாது. கணினியில் மீண்டும் பூட்டி, பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒருசேர முழுச் சுமை கொடுக்கும் ஓசிசிடி போன்ற மென்பொருளை ஓட்டிக்கொண்டே, கிராபிக்ஸ் கார்டுக்குச் செல்லும் இணைப்பியின் பின்புறமாக மஞ்சள், கருப்பு வயர்களின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, சும்மா இருக்கையில் எவ்வளவு, இருபது நிமிடச் சுமைக்குப் பின் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் வழி (மஞ்சள் வயர்) 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். மதர்போர்டு சென்சாரைப் படித்து மென்பொருள் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பதையும் எழுதுங்கள்.

வேளச்சேரி வாசி:
நன்றி ஐயா. சும்மா இருக்கையில் 12.09, சுமை ஏறியதும் 11.71. பதினெட்டாவது நிமிடத்தில் 11.58 காட்டிக்கொண்டிருந்தபோதே அணைந்துவிட்டது. விதி சொல்லும் எல்லைக்குள்தானே இருந்தது? லேபிளில் 25 ஆம்பியர் என்று இருக்கிறது.

அம்பத்தூர் சர்வீஸ்:
விடை அந்த லேபிளிலேயே இருக்கிறது. 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்றால் 300 வாட். இன்றைய கணினி அதிகம் தொடாத 5, 3.3 வோல்ட் வழிகளையும் கூட்டித்தான் பெட்டியின் மேல் 500 என்று அச்சடித்திருக்கிறார்கள். உங்கள் பிராசசர் உச்சத்தில் 117 வாட், கார்டு 170 வாட், ஆக 287. விசிறிகளையும் மதர்போர்டையும் சேர்த்தால் கையிருப்பு தீர்ந்துவிடும். போதாததற்கு, கார்டு மில்லி விநாடிக் கணக்கில் 170 வாட்டைத் தாண்டிப் பாய்ந்து இழுக்கும். மல்டிமீட்டரோ விநாடிக்குச் சில முறை மட்டும் எண்ணை மாற்றிக் காட்டும் கருவியாதலால், அந்த நேரத்துச் சரிவு அதில் தெரியாது, 11.58-இல் அணைந்ததில் முரண் எதுவும் இல்லை. 120 மில்லிவோல்ட்டுக்குள் அடங்க வேண்டிய ரிப்பிளை (வோல்ட்டின் வேகமான சிறு ஏற்ற இறக்கத்தை) அளப்பதற்கும், அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

வெயிலை மறந்துவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டிகளில் காணும் 80 பிளஸ் என்ற செயல்திறன் முத்திரைக்கான சோதனை ஏறக்குறைய 23 டிகிரியில் நடப்பது. அதுவும் செயல்திறனுக்கான அளவே தவிர, உழைப்புக்கான உத்தரவாதம் அன்று. கத்திரி வெயிலில் நம் ஊர் அறை, அதற்குள் கேபினெட் என்று பார்த்தால் எஸ்எம்பிஎஸ் உறிஞ்சும் காற்றே 40 டிகிரியைத் தாண்டும்; அந்தச் சூட்டில் மலிவான பெட்டியால் முழுச் சுமை தாங்க முடியாமல் போகலாம். செலவில்லாமல் உறுதிசெய்ய ஒரு வழி உண்டு: ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் வாட்டின் உச்சவரம்பை) 70 சதவீதமாக்கி, அதே பிற்பகல் வேளையில் விளையாடிப் பாருங்கள்.

வேளச்சேரி வாசி:
இன்று பிற்பகல் மூன்று மணி நேரம் விளையாடினேன். ஒரு முறைகூட அணையவில்லை. 550 வாட் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர். பழையதை அப்பாவின் அலுவலகக் கணினிக்குப் போடலாமா?

பழைய மெக்கானிக்:
அந்த 550 வாட், 40 டிகிரியிலாவது முழுச் சுமை தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் வாங்குங்கள். பழையது, கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்குப் போதும். ஆனால் ஐந்து மாதம் உச்சச் சுமையில் வெந்த பெட்டியை அப்பாவின் கோப்புகளுக்கு நான் நம்ப மாட்டேன்.