டுஷேன் (தசை பலவீனமாகிட்டே போற நோய்) உள்ள பையனுக்கு எந்த சிகிச்சை வேணும், எது வேணாம்னு முன்கூட்டியே எழுதி வச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?
எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு டுஷேன் மஸ்குலர் டிஸ்ட்ராபி, வயசு 16, ராத்திரி முழுக்க பைபாப் (மாஸ்க் வழியா மூச்சு விட உதவுற மெஷின்) மாட்டித்தான் தூங்குறான், மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டுல புண்ணு ஆறவே மாட்டேங்குது. போன தடவ சளி கட்டி ஐசியூல இருந்துட்டு வந்ததும் "அம்மா, தொண்டையில ஓட்ட போட்டு ட்யூப் மட்டும் வேணாம்மா"ன்னு அவனே சொல்லிட்டான், அவன் பேச்சுக்கு மதிப்பு குடுத்தே ஆகணும்னு நான் நெனைக்கிறேன், ஆனா அவங்க அப்பா இந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டேங்குறாரு. சுப்ரீம் கோர்ட் 2018ல அனுமதிச்சு 2023ல ஈஸியாக்குன முன்விருப்ப உயில் (கடைசி கட்டத்துல உயிர இழுத்துப் பிடிக்கிற சிகிச்சை வேணாம்னு முன்னாடியே எழுதி வைக்கிறது) 18 வயசு ஆனவங்களுக்குத்தான், அதனால இவனுக்கு நாங்களும் டாக்டரும் சேர்ந்துதான் பேசி எழுதணும். அப்படி எழுதி வச்சவங்க இருந்தா சொல்லுங்க, நடுராத்திரி மூச்சு திணறுனா 108ல வர்றவங்ககிட்ட எத காட்டுனீங்க, வீட்டுல மார்ஃபின் (வலி, மூச்சுத்திணறல் அவஸ்தைய குறைக்கிற மருந்து) வச்சுக்க யார் எழுதித் தந்தாங்க? மதுரை பக்கம் குழந்தைங்களுக்கு பாலியேட்டிவ் கேர் (நோயோட வலி, அவஸ்தைய குறைக்கிற சிகிச்சை) பாக்குற டாக்டர் தெரிஞ்சாலும் சொல்லுங்க ப்ளீஸ்.