புவினாவின் ஸ்ப்ளிட் கதவு: பார்த்தவர்கள் கண்ணில் நின்றது எது?

உளிமுனை:
குரோஷியாவுல ஸ்ப்ளிட் நகரத்துப் பேராலயத்தோட மரக்கதவுன்னதும் எல்லாரும் இயேசு வாழ்க்கையோட 28 காட்சியைத்தான் சொல்றாங்க. மங்கள வார்த்தையில (மரியாளுக்குத் தூதர் சொன்ன சேதி) தொடங்கி விண்ணேற்றம் வரை, ரெண்டு கதவுல ஒவ்வொண்ணுக்கும் 14. கண்ணை விட்டுப் போகாதது சுத்தியிருக்கிற சட்டம்தான். கொடிச் சுருளுக்குள்ள சின்னச் சின்ன ஆளும் மிருகமும்! வட்டமா ஓடுற தண்டு மர நார் ஓட்டத்துக்குக் குறுக்கே போற இடத்துல நார் குட்டையா இருக்கும். ஒரே பக்கமிருந்து உளியைத் தள்ளினா தண்டு சில்லாப் பேர்ந்துடும். சுருள் ஒன்றுக்கு நாலு இடத்துல வெட்டும் திசையை மாத்தணும். 1214ல ஆண்ட்ரியா புவினா இதை வால்நட்ல செஞ்சிருக்கார். பின்னால தாங்குற ஓக்ல செதுக்கியிருந்தா பாதி உதிர்ந்திருக்கும்.

சுண்ணப்பூச்சு:
நுணுக்கம் சரி. ஆனா அன்னிக்கு யாரும் வெறும் மரத்தைப் பார்க்கலை. கதவுக்கு வண்ணமும் பொன்னும் பூசியிருந்தது, தடயம் இன்னும் இருக்கு. புவினாவை ஆவணமே ஓவியர்னுதான் குறிக்குது. பேராலயத்துக்கு முன்னால இருக்கிற பெரிஸ்டைல்ங்கிற தூண் முற்றத்துல புனித கிறிஸ்டோபர் உருவம் தீட்டினதும் அவர்தான். "மரத்தோட அழகு"ன்னு உருகுறவங்க இதை மறந்துடுறாங்க.

அந்தக் கால வழக்கம் தோல் பசையில சுண்ணப்பொடி கலந்து பல பூச்சு. தலைமுடி, துணி மடிப்பு எல்லாம் அதுல மூடிப்போகும். அதனால கோடுகளை முதல்லயே ஆழமா, அகலமா வெட்டி, பூச்சு காய்ஞ்சதும் திரும்பக் கீறித் திறக்கணும். மேல் பூச்சுல பசை கூடினா அடிப்பூச்சையே இழுத்துட்டு உரிஞ்சு வரும். பசையைக் கொதிக்க விட்டா பிடிப்பே போயிடும்.

காடி:
யாரும் கேட்கலைதான், இருந்தாலும் இதே மாதிரி கதவு செய்ய நினைக்கிறவங்களுக்கு. 40 செ.மீ. அகல வால்நட் பலகை, மரத்தோட ஈரம் 5 சதவீதம் மாறினா 4–5 மி.மீ. விரியும், சுருங்கும். நாலு பக்கமும் ஆணி அடிச்சா நடுவுல பிளக்கும். சட்டத்துல பலகை உட்கார 10–12 மி.மீ. காடி (பள்ளம்) எடுங்க. பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் விடுங்க. பசை வேண்டாம், மேலயும் கீழயும் நடுவுல ஒவ்வொரு முளை (மர ஆணி) போதும். விளிம்புக்கு வண்ணம் கொடுத்துட்டுதான் பலகையை நுழைக்கணும், இல்லைன்னா சுருங்கினதும் பூசாத கோடு எட்டிப் பார்க்கும். வெளிறை (பட்டையை ஒட்டின வெளிர் மரம்) முழுசா நீக்கிடுங்க, வால்நட்ல பூச்சி முதல்ல இறங்குறது அங்கதான். ஓக்ல இரும்பு ஆணி ஈரம் பட்டா கறுப்பு வடியும். கடலோர ஊர்ல சொல்லவே வேண்டாம். சுண்ணப்பூச்சு சொன்ன பூச்சும் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவுல தொடர்ச்சியாப் போனா கண்டிப்பா வெடிக்கும்.

சுண்ணப்பூச்சு:
தொடர்ச்சியாப் பூசணும்னு எங்க சொன்னேன்?

உளிமுனை:
ஓக் பத்தி ஒரு வார்த்தை. வைரம் பாய்ஞ்ச மரம்னா எல்லாத்துக்கும் ஆகும்னு இல்லை. ஓக்ல வசந்தகாலத்துல வளர்ற வளையத்துல துளை பெரிசு. விரல் நுனி அளவு முகத்துல மூக்கு அந்த வளையத்துல விழுந்தா மூக்கு நிக்காது.